வாயசைவு வரைய முதலில் ப, ம மட்டும் போதும்

அனிமேஷனில் கதாபாத்திரம் பேசும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய் வரைய வேண்டாம். குரல்பதிவைக் கேட்டு, ப, ம வரும் இடங்களில் மட்டும் முதலில் உதட்டை மூடுங்கள். மற்ற இடங்களில் வாய் திறந்திருந்தால் போதும்.

"மாமா, பாம்பன்ல மீன் எப்படி?" என்பதில் உதடு ஆறு தடவைதான் ஒட்டுகிறது: மா, மா, பா, ம்ப, மீ, ப்ப. ம்ப, ப்ப இரண்டும் கொஞ்சம் நீளமான மூடல், அவ்வளவுதான். ஒட்ட வேண்டிய உதடு ஒட்டாவிட்டால் கண் உடனே பிடித்துவிடும். உயிரெழுத்துகளில் சிறு பிழை இருந்தால் பெரும்பாலும் தெரியாது. நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படங்கள்) என்றால் மூடிய உதட்டை 2 பிரேமாவது அப்படியே வைத்திருங்கள், ஒலிக்கு ஒரு பிரேம் முன்பே தொடங்குங்கள்.

இன்னொன்று முக்கியம். எழுத்தைப் பார்த்து வரையாதீர்கள், காதை நம்புங்கள். 'பாலம்', 'படம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ம் மறைந்து அதற்கு முந்தைய உயிர் மூக்கொலியாகிவிடும், உதடு ஒட்டாது. அங்கே மூடினால் செயற்கையாகத் தெரியும்.

தனுஷ்கோடி மணலில் நின்று செல்போனில் பதிவு செய்தால் காற்று மைக்கில் அடிக்கும் சத்தமும் ப மாதிரியே 'புப்' என்று விழும். வீட்டுக்குள் பதிவு செய்யுங்கள்.

முகம் திரை முழுக்க வரும் காட்சிக்கும், இழுத்துப் பாடும் பாட்டுக்கும் இது போதாது. அங்கே உ, ஒ சொல்லும்போது உதடு குவிவதையும், வ சொல்லும்போது கீழுதட்டைத் தொடும் பல்லையும் வரைந்தே ஆக வேண்டும். தூரத்து வள்ளத்திலிருந்து கூப்பிடுகிறவருக்கோ தாடை அசைந்தாலே சரி.