கோடியக்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போய் "ஒன்றுமே கண்ணில் படவில்லை" என்று திரும்புகிறவர்களிடம், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பதினோரு மணி என்பார்கள். அதற்குள் வெளிமான்கள் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். சதுப்பில் கானல் நெளியும், பைனாகுலரில் பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் வெறும் இளஞ்சிவப்புக் கோடுதான். இரவு வேதாரண்யத்தில் தங்கிவிட்டு விடியலில் கிளம்புங்கள்.

மாதத்திலும் பிசகுகிறார்கள். கனமழைக்குப் பின் சதுப்பில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும்போது, விரல் நீளம்கூட இல்லாத கால்களோடு கொசு உள்ளான் என்ற குட்டிப் பறவை எங்கே இறங்கும்? மழை ஓய்ந்து, நீர் வற்றிச் சேறு தலைகாட்டும் ஜனவரிதான் நல்ல காலம்.

பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்னும். மேய்ந்துகொண்டிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கூட்டம் முழுக்க ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். படத்துக்காகக் கைதட்டிக் கிளப்பிவிடுவது மகா பாவம். வலசைக்குச் சேர்த்த கொழுப்பு அப்படித்தான் வீணாகிறது.

அடுத்தது உப்புப் பொருக்கு. மேலே வெள்ளையாகக் காய்ந்து தரைபோலத் தெரியும். கால் வைத்தால் உடைந்து, கீழேயுள்ள கரிய சேறு முழங்கால்வரை இழுக்கும். செருப்பு உள்ளேயே தங்கிவிடும். வாரிட்ட காலணி போடுங்கள். சிக்கினால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், மற்றக் கால் இன்னும் ஆழமாகப் போகும். உடலைப் பின்னால் சாய்த்து, காலை மெல்ல ஆட்டிக் காற்றுப் புகவிட்டு எடுங்கள்.

1967-ல் கோடியக்கரை சரணாலயமானதே வெளிமானுக்காகத்தான். புல்லுக்குள் குட்டி தனியாக அசையாமல் படுத்திருந்தால் அநாதை என்று தூக்கிவிடாதீர்கள். தாய்தான் அதை அங்கே ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது. பால் கொடுக்க வரும். ஆள் நின்றால் வராது. சந்தேகமென்றால் வனக்காவலரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

இங்கே திரியும் மட்டக்குதிரைக்கும் குரங்குக்கும் தீனி போட வேண்டாம். குதிரைகள் ஏற்கெனவே மானின் புல்லுக்கும் தண்ணீருக்கும் போட்டி.

உப்பள வரப்பில் ஏறுமுன் அங்கே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். வரப்பு இடிந்தால் பாத்தி நீர் ஓடிவிடும். கோடையில் உப்புக்கொத்தி என்ற சிறு பறவை வரப்பிலேயே முட்டையிடும், மண் நிறத்தில். தலைக்குமேல் ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றினால் அடுத்த அடி எடுக்காதீர்கள். வந்த சுவட்டிலேயே திரும்புங்கள்.