1,500 சுற்றில் இழுக்க மறுக்கும் டர்போ டீசல் பக்கி: எங்கிருந்து தொடங்குவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மலைப்பக்கம் டிரெய்லரோடு போகிறவர்களுக்கு டவுன் ஹில் ஏற்றத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்கைத் தாண்டியதும் லாரிகளின் பின்னால் வேகம் குறைகிறது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 1,500க்கு இறங்குகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி எழும்பவே மாட்டேன் என்கிறது. 2,200 தாண்டிய பிறகுதான் உயிர் வருகிறது.

என் பக்கிக்கு (பின்னால் சரக்குத் தட்டுள்ள பிக்கப் வண்டி) இதே நோய் வந்தபோது, எஞ்சின் கணினியை ஏமாற்றி எரிபொருளைக் கூட்டும் சிப் பெட்டி ஒன்றை ஒரு கடையில் வாங்கிப் பொருத்தினேன். கரும்புகை கூடியது, இழுவை கூடவில்லை. கரும்புத் தோட்டத்தில் டிராக்டர்களோடு ஆயுளைக் கழித்த சித்தப்பா பானெட்டுக்குள் பார்த்துவிட்டு, "சிப்பை அப்புறம் பேசலாம், முதலில் குழாயெல்லாம் துடை" என்றார். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் அடிப்பக்கத்தில், கிளிப்பை ஒட்டி அரை விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. புதிதாக இழுவை வாங்குவதற்கு முன் கைவிட்டுப் போன இழுவையை மீட்க வேண்டும். கீழே உள்ள வரிசையை அதற்காகவே வைத்திருக்கிறேன், தயவுசெய்து மாற்றாதீர்கள்.

டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் புகை கிளம்பாமலிருக்க எஞ்சின் கணினி எரிபொருளையும் குறைத்துவிடும். தாழ்ந்த சுற்றில் புகைபோக்கிக் காற்றின் வேகமும் குறைவு என்பதால் அதனால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு ஏற்கெனவே பலம் போதாது. ஆகவே சிறு கசிவுகூட அங்கேதான் முதலில் தெரியும்.

படி 1: அளந்து எழுதுங்கள்

ஸ்டீயரிங்கின் கீழுள்ள ஓபிடி துளையில் (எஞ்சின் கணினியின் எண்களைப் படிக்கும் இணைப்பு) செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்று போதும். கைப்பேசியில் எண்கள் வந்துவிடும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், எஞ்சினுக்குக் காற்று போகும் உட்குழாயின் அழுத்தத்தைப் பாருங்கள். டர்பனில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்டும். சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் 82 அளவில் இருக்கும்; 2,876 மீட்டர் உயரமான சானி கணவாயின் உச்சியில் 71 அளவில் இருக்கும். இது வெளிக்காற்றின் அழுத்தம். ஓடும்போது காட்டும் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் டர்போ கூடுதலாகத் தருவது எவ்வளவு என்று தெரியும். மேட்டுநிலத்து நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் கலங்காதீர்கள். அவருக்குக் கிடைக்கும் காற்றே மெலிந்தது.

பிறகு போக்குவரத்து இல்லாத ஓர் ஏற்றத்தில், மூன்றாம் கியரில், 1,500 சுற்றிலிருந்து முழுக்க மிதித்து 2,500 வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். உச்ச அழுத்தத்தையும் குறியுங்கள். கைப்பேசியைப் பார்க்க இன்னொருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். சித்தப்பாவின் தோட்டத்து ஏற்றத்தில், டிரெய்லரோடு, எனக்கு 12 வினாடி ஆனது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே ஏற்றம், அதே சுமை.

படி 2: செலவில்லாதவை

ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் மண்பாதைப் புழுதியோடு தோகை எரித்த சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் பக்கத்தில் கையேடு சொல்லும் தூரம்வரை காத்திருக்கக் கூடாது. காற்றடித்துத் தட்டி மறுபடி போடுவதைவிடப் புதிது போடுவதே நல்லது.

டயரைப் பாருங்கள். 265/65R17 இருந்த இடத்தில் 285/70R17 போட்டிருந்தால் சக்கரத்தின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது. அதாவது, சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை டயர்க் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எஞ்சின்மேல் பிழையில்லை. பெரிய டயர்தான் வேண்டுமென்றால் டிஃப் (சக்கர அச்சிலுள்ள டிஃபரென்ஷியல்) பல்சக்கர விகிதத்தை மாற்றுவதே நேரான தீர்வு.

படி 3: ஹோஸ்கள்

பாதி நோய்கள் இங்கேதான் இருக்கின்றன என்பது என் எண்ணம். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை முறுக்கிக் காது கொடுத்தால் கண்டுபிடிக்க முடியாது. சுமை இல்லாமல் டர்போ போதிய அழுத்தம் தராது. ஏற்றத்தில் மட்டும் "ஸ்ஸ்" என்ற ஒலியும் கரும்புகையும் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய்களைப் பழந்துணியால் துடையுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்: துடைத்த இடத்தில் எண்ணெய்ப் பசை புதிதாக வந்திருந்தால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விரலால் தடவி, வளைத்து, அமுக்கிப் பாருங்கள்.

கம்ப்ரஸர் உள்ளவர்கள் டர்போவின் காற்று நுழைவாயை வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, 0.7 பாருக்கு மேல் போகாமல் காற்றேற்றிச் சோப்பு நீர் தடவலாம். குமிழி வரும் இடம் கசிவு. எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிடுங்கள். எஞ்சினுக்குள் புகும் காற்று சீல்களைத் தள்ளிவிடாமல் வெளியேற வழி வேண்டும். மூடியின் நேரெதிரே முகத்தை வைக்காதீர்கள்.

படி 4: டர்போவின் இறகுகள்

புதிய டீசல்கள் பலவற்றில் டர்போவுக்குள் அசையும் இறகுகள் உண்டு. ஊதாங்குழலின் வாய் குறுகியிருப்பதால்தான் மெல்ல ஊதினாலும் தணல் கனன்றெழுகிறது. அதேபோல் தாழ்ந்த சுற்றில் இறகுகள் வழியைக் குறுக்கிப் புகைக்காற்றுக்கு வேகம் கொடுக்கின்றன. கரி படிந்து அவை திறந்த நிலையில் இறுகிவிட்டால் நம் நோய்தான் வரும்.

இந்த இறகுகளை அசைக்கும் கருவி ஆக்டுவேட்டர். அது வெற்றிடத்தால் இயங்கும் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினை இயக்கியதும் அதன் கம்பி இழுபட வேண்டும். நிறுத்தினால் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் டர்போவைக் குறை சொல்லும் முன் மெல்லிய வெற்றிட ரப்பர்க் குழாய்களை மாற்றிப் பாருங்கள். விலை அற்பம். மின்மோட்டார் ஆக்டுவேட்டரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டாம். அதை ஸ்கேனர் உள்ளவரிடம் விடுங்கள்.

படி 5: மற்றவை

புகைக்காற்றில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு கரியால் திறந்தபடி சிக்கினால் புதுக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். காற்றளவு சென்சாரை அதற்கென்று விற்கும் திரவத்தால் மட்டும் கழுவுங்கள், துணி படக் கூடாது. டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள்.

படி 6: இனி சிப்பைப் பேசலாம்

டர்போவுக்குப் பின்னால் சற்று அகலமான புகைக்குழாய் போட்டால் டர்போ சீக்கிரம் விழிக்கும். மிகப் பெரிய இன்டர்கூலர் அதற்கு நேர்மாறு. நிரப்ப வேண்டிய இடம் கூடுவதால் தாமதமும் கூடலாம். கணினி மென்பொருளை மாற்றுவதானால் எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோவில் அளந்து, முன்பின் வரைபடத்தைக் கையில் தருபவரிடம் செய்யுங்கள். தாழ்ந்த சுற்றில் முறுக்குவிசையைக் கூட்டினால் முதலில் அடிவாங்குவது கிளட்ச். உத்தரவாதம் மிச்சமிருந்தால் முதலில் அந்தத் தாளைப் படியுங்கள்.

பழைய 300 டிடிஐ எஞ்சின் கொண்ட லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அதன் 265 நியூட்டன் மீட்டர் 1,800 சுற்றில் கிடைப்பது. எரிபொருளைக் கூட்ட டீசல் பம்பின் திருகைத் தொடுவதற்கு முன் புகைக்காற்று வெப்பமானி ஒன்றைப் பொருத்துங்கள்.

ஹோஸும் ஃபில்டரும் மாற்றி, சிப் பெட்டியைக் கழற்றிய பிறகு அதே ஏற்றத்தில் மறுபடி அளந்தோம். 8 வினாடி. சித்தப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, இறங்கிப்போய் டிரெய்லர் கொக்கியைச் சரிபார்த்தார்.