டோக்கன் விற்பனை: பணம் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு கிரிப்டோ டோக்கன் விற்பனைக்கு வந்தால் போதும், யாராவது ஒரு தம்பி அதன் ஒயிட்பேப்பரை, அதாவது திட்டத்தை விளக்கும் ஆவணத்தை, வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஆரம்ப விலையில கிடைக்குது அண்ணே, போடலாமா?" என்று கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடன் வாங்கிப் போடாதே, வாலட் ரகசியச் சொற்களை யாருக்கும் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அதில் ஒன்று மட்டும் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

டோக்கனைப் பங்கு என்று நினைப்பது

"கம்பெனி பெரிசானா நம்ம டோக்கனும் ஏறும்ல?" இதுதான் அது. பங்கு வைத்திருப்பவருக்கு ஓட்டு, டிவிடெண்ட், கம்பெனியை விற்றால் ஒரு பாகம், மூடினால் மிச்சத்தில் ஒரு பாகம் என்று சட்டப்படி ஏதாவது உண்டு. டோக்கன் வாங்கியவருக்குப் பெரும்பாலும் இதில் ஒன்றுமே கிடையாது. ஹோட்டல் கவுண்டரில் சாப்பாட்டு டோக்கன் வாங்கியவர் கல்லாவில் பங்கு கேட்க முடியுமா? அங்கேயாவது சாப்பாடு நிச்சயம்.

இஓஎஸ் கதையைப் பாருங்கள். பிளாக்.ஒன் நிறுவனம் 2017 ஜூன் முதல் கிட்டத்தட்ட ஒரு வருடம் இந்த டோக்கனை விற்று சுமார் 400 கோடி டாலர் திரட்டியது. இந்த டோக்கனுக்கு எந்த உரிமையும், பயனும், நோக்கமும் இல்லை என்று வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள், ஒளிக்கவே இல்லை, வாங்கியவர்கள்தான் படிக்கவில்லை. 2018 ஏப்ரலில் 20 டாலரைத் தாண்டிய விலை பிற்பாடு ஒரு டாலருக்கும் கீழே போனது. பதிவு செய்யாமல் விற்றதற்காக அமெரிக்காவின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி 2019இல் போட்ட அபராதம் 2.4 கோடி டாலர், அதாவது திரட்டியதில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2021இல் பிளாக்.ஒன் 1,64,000 பிட்காயினை முதலாகப் போட்டு புல்லிஷ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அது நியூயார்க் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. அந்த ஏற்றம் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, இஓஎஸ் வைத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு "இது அப்படியில்ல அண்ணே, டீம் நல்ல டீம்" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். சரி, நல்ல டீமாகவே இருக்கட்டும். உனக்கு என்ன தருவதாக எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டும் காட்டு என்றால் யாரும் காட்டியதில்லை.

பிரபலம் சொன்னார் என்று வாங்குவது

2017இல் சென்ட்ரா டெக் டோக்கனுக்குக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் விளம்பரம் செய்தார். தலைமை அதிகாரி என்று அவர்கள் காட்டிய ஆளே கற்பனை.

மொத்தம் எத்தனை என்று கேட்காதது

100 கோடி டோக்கனில் 10 கோடியை மட்டும் முதலில் வெளியே விட்டு, விலை 10 ரூபாய் என்றால், சந்தை மதிப்பு 100 கோடி ரூபாய் என்று சின்னதாகத் தெரியும். மீதி 90 கோடியையும் சேர்த்தால் 1,000 கோடி. அந்த மீதியில் பெரும் பகுதி நிறுவனர்கள் கையிலும், 50 பைசாவுக்கு வாங்கிய ஆரம்ப முதலீட்டாளர்கள் கையிலும் இருந்தால், லாக்-இன் (விற்கக் கூடாது என்ற காலக்கெடு) முடிகிற அன்று அவர்கள் 3 ரூபாய்க்கு விற்றாலும் ஆறு மடங்கு. நீங்கள் 10 ரூபாய் கொடுத்தவர். எது எப்போது திறக்கிறது என்ற அட்டவணை இல்லாத ஒயிட்பேப்பரை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

பணம் திரும்ப வரும் என்று நம்புவது

திட்டம் படுத்துவிட்டால் பெரும்பாலும் வராது.

பத்தில் ஒன்று ஓடினால் போதும் என்பது

கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இந்தியாவில் இருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. ஒரு டோக்கனில் விட்டதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பத்து டோக்கனில் தலா 10,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம் போடுகிறீர்கள். ஒன்பது பூஜ்யம், ஒன்று மட்டும் 1,20,000 ஆகிறது. மொத்தத்தில் 20,000 லாபம் என்று மனசு சொல்லும். வரிக் கணக்கில் லாபம் 1,10,000, வரி 33,000, செஸ் தனி. ஒன்று பன்னிரண்டு மடங்கு ஏறியும் கைக்கு வருவது 87,000க்கும் குறைவு.