சந்தாப் பொருளின் பக்கம் ஒரு நாட்டில் மட்டும் திறக்கவில்லையா? இப்படித் தேடுங்கள்

வேறொரு நாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் "பக்கம் வரவில்லை" என்று மெயில் போடுகிறார். நீங்கள் திறந்து பார்க்கிறீர்கள், ஜம்மென்று வருகிறது. "எங்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது, ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள்" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். நானும் அப்படிப் பதில் போட்டவன்தான், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் பல நாடுகளுக்கு விற்கும் கடையில் அவர் பார்ப்பதும் நீங்கள் பார்ப்பதும் ஒரே பக்கம் கிடையாது. முகவரி ஒன்றாக இருந்தாலும் நாடு, மொழி, நாணயம், ஒருமுறை வாங்குவதா மாதாமாதமா என்பதைப் பொறுத்து சர்வர் வேறு வேறு பக்கத்தைக் கட்டிக் கொடுக்கிறது. சந்தாப் பொருள் என்றால் அதற்கு மேல் ஒரு ஆப்போ பிளக்இன்னோ வேறு உட்கார்ந்திருக்கும்.

அதனால் நிரல் கோடில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. நான்கு முறை பக்கத்தைத் திறக்க வேண்டும்: உங்கள் நாட்டிலிருந்து ஒரு சாதாரணப் பொருள், உங்கள் நாட்டிலிருந்து அந்தச் சந்தாப் பொருள், அப்புறம் விபிஎன் (வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் கருவி) போட்டு அந்த நாட்டிலிருந்து இதே இரண்டும். அந்த நாட்டில் இரண்டுமே உடைந்தால் சந்தாவுக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை, நாட்டு அமைப்பைப் பாருங்கள். எல்லா நாட்டிலும் சந்தா மட்டும் உடைந்தால் ஆப்பையோ கடையின் தோற்றத்தைத் தரும் தீம் (theme) என்பதையோ பாருங்கள். அந்த நாட்டில் சந்தா மட்டும் உடைந்தால்தான் இரண்டும் மோதும் இடம், தலைவலி அங்கேதான். ஒவ்வொரு முறையும் புது இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள், ஏனென்றால் முன்பு தேர்ந்தெடுத்த நாட்டைக் குக்கீ நினைவில் வைத்துக்கொண்டு விபிஎன்னைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வாடிக்கையாளரிடம் முழு முகவரியையும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் கேளுங்கள், லாகின் செய்திருந்தாரா, ஏற்கெனவே ஒரு சந்தா வைத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்து. கடைசிக் கேள்வி ஏன் என்று பின்னால் புரியும்.

404 வந்தால்

404 என்றால் அந்த முகவரியில் பக்கம் இல்லை என்று சர்வர் சொல்வது. பெரும்பாலும் இதில் மர்மம் எதுவும் இருக்காது. கடை அமைக்கும் தளமான ஷாப்பிஃபையில் ஒவ்வொரு மார்க்கெட்டுக்கும் (நாடு அல்லது நாடுகளின் குழு) கேட்டலாக் என்று ஒரு பொருள் பட்டியல் உண்டு. பொருள் அதில் சேர்க்கப்படவில்லை என்றால் அந்த நாட்டு வாடிக்கையாளருக்கு 404தான், கடையின் அட்மினில் அது "ஆக்டிவ்" என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸில் ஓடும் வூகாமர்ஸ் கடை என்றால் முதலில் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் முகவரி விதிகள் புதிதாக எழுதப்பட்டு பல 404கள் அப்படியே மறைந்துவிடும். அடுத்து, அந்த மொழியின் மொழிபெயர்ப்பு இன்னும் டிராஃப்டிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, முகவரியின் நீளம். வேர்ட்பிரஸ் பக்க முகவரியின் கடைசித் துண்டை 200 எழுத்துகளுக்குள்தான் சேமிக்கிறது, அதுவும் சதவீதக் குறிகளாக மாற்றிய வடிவத்தில். தமிழிலோ தாய் மொழியிலோ ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், அது சதவீதக் குறியாக மாறும்போது ஒன்பது எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ஆக 22 குறியீடுகளோடு இடம் தீர்ந்தது, அதற்கு மேல் வெட்டுப்படும். மொழிபெயர்ப்பு ஆப் முழு முகவரியை லிங்க்காகப் போட்டிருக்கும், தரவுத்தளத்தில் பாதிதான் இருக்கும். ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு முகவரி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, 404 வருகிறதே என்று அந்த நாட்டு ஆட்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடாதீர்கள். வாங்க வந்தவர் குழம்பிப் போவார், கூகுளும் அதை இல்லாத பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பக்கம் வருகிறது, சந்தாப் பெட்டியைக் காணோம்

எனக்கு மிகவும் நேரம் தின்றது இந்த ரகம்தான்: பொருள் தெரியும், ஒருமுறையா மாதாமாதமா என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி மட்டும் இருக்காது. தீம் மாற்றிய பிறகு, ஆப்பைப் பக்கத்தில் காட்டும் எம்பெட் என்ற அமைப்பு ஆஃப் ஆகிக் கிடப்பது எளிதான காரணம், அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் மட்டும் பெட்டி இல்லை என்கிறார்களா? அப்படியானால் குக்கீ சம்மதப் பட்டையைச் சந்தேகப்படுங்கள். அங்கே ஆட்கள் "மறுக்கிறேன்" என்பதை அழுத்தும்போது, சம்மதக் கருவி விளம்பர ஸ்கிரிப்டோடு சேர்த்து சந்தா ஆப்பின் ஸ்கிரிப்டையும் முடக்கிவிடும். மற்ற நாட்டினருக்குப் பெரும்பாலும் பட்டையே வராது என்பதால் உங்கள் நாட்டிலிருந்து உங்களால் அதைப் பார்க்க முடியாது. கருவியின் அமைப்பில் அந்த ஸ்கிரிப்டை "அவசியமானது" என்ற வகைக்கு மாற்றலாம், ஆனால் அது உண்மையிலேயே கடை இயங்கத் தேவையான வேலையை மட்டும் செய்கிறதா, பயனரைப் பின்தொடரும் வேலையும் செய்கிறதா என்று ஆப் தயாரித்தவர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பெட்டி வருகிறது, விலை இருக்கும் இடத்தில் "நேன்" (NaN, அதாவது எண் அல்ல) என்று மூன்று ஆங்கில எழுத்து நிற்கிறதா, அல்லது விலை கன்னாபின்னாவென்று இருக்கிறதா? தசமப் புள்ளிதான் குற்றவாளி. ஜெர்மனியில் 1.299,00 என்று எழுதுவார்கள். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் (எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளை) அதை 1.299 என்று படிக்கும், அதாவது ஆயிரத்துச் சொச்சம் யூரோ ஒரு யூரோ சொச்சம் ஆகிவிடும். 29,90 என்றால் 29 என்று படித்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடும். நாணயக் குறி எண்ணுக்கு முன்னால் வந்தால் எண்ணே இல்லை என்று கையை விரித்துவிடும். திரையில் தெரியும் விலையை எடுத்துத் தள்ளுபடி கணக்கிடும் கோட் எங்கே இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். கணக்கு எல்லாம் சர்வர் தரும் முழு எண்ணில் நடக்கட்டும், காட்டும்போது மட்டும் அந்த நாட்டு வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

பொத்தானை அழுத்தினால் பிழை

பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் தாவலுக்குப் போங்கள், பிறகு கார்ட்டில் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். சிவப்பாக 422 வந்தால் சர்வர் உங்கள் கோரிக்கையைப் புரிந்துகொண்டது, ஆனால் ஏற்க மறுக்கிறது. காரணத்தைப் பதிலிலேயே எழுதியும் இருக்கும், அதைப் படிக்காமல் பலர் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்கள். ஷாப்பிஃபையில் "சந்தாவாக மட்டும் வாங்கலாம்" என்று குறித்த பொருளை, செல்லிங் பிளானின் (சந்தாத் திட்டத்தின்) எண்ணை அனுப்பாமல் கார்ட்டில் போட முயன்றால் இப்படித்தான் மறுக்கும். பொருளின் சொந்தப் பக்கத்தில் எல்லாம் சரியாக வேலை செய்யும். பட்டியல் பக்கத்தில் இருக்கும் விரைவுப் பொத்தானும் "இதையும் பாருங்கள்" பகுதியும்தான் அந்த எண்ணை அனுப்ப மறந்திருக்கும். அந்த இடங்களில் பொத்தானை எடுத்துவிட்டு "திட்டத்தைத் தேர்ந்தெடு" என்று பொருளின் பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி.

முகவரியில் நாட்டுக்கும் மொழிக்கும் தனித் துணைக்கோப்புறை வைத்திருக்கும் கடைகளில், கார்ட்டுக்கான பாதையை யாரோ நேரடியாகக் கோடில் எழுதி வைத்திருப்பார்கள். அது துணைக்கோப்புறையைத் தாண்டி முதன்மைக் கடையின் பாதைக்குப் போய்விடும், மொழி மாறும், பிழைச் செய்தி வேறு மொழியில் வரும். ஷாப்பிஃபை இதற்காகவே ரூட்ஸ் என்ற மாறியைத் தந்திருக்கிறது, பாதையின் முன்னால் அதைச் சேர்த்தால் முடிந்தது.

பணம் கட்டும் இடம்

"உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை" என்று வந்தால், பொதுவான ஷிப்பிங் புரொஃபைலில் அந்த நாடு இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சந்தாத் திட்டங்களுக்குத் தனி டெலிவரி புரொஃபைல் இருக்கலாம், புதிதாகச் சேர்த்த நாடு அதில் தானாகப் போய் உட்காராது.

பணம் கட்டும் வழி எதுவுமே காட்டவில்லை என்றால், அந்த நாட்டில் நீங்கள் தந்திருக்கும் வழி ஒருமுறை கட்டணத்துக்கு மட்டுமானது என்று வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் ஐடீல் அப்படித்தான், அது ஒருமுறை நடக்கும் வங்கிப் பரிமாற்றம். அடுத்த மாதம் தானாக எடுக்க வேண்டும் என்றால் பின்னால் செபா நேரடிப் பற்று (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஐரோப்பிய முறை) போல ஒன்று இணைந்திருக்க வேண்டும். வூகாமர்ஸ் சந்தா நீட்டிப்பு, தானியங்கிப் புதுப்பித்தலுக்கு உதவாத கேட்வேக்களை (பணம் வாங்கித் தரும் சேவைகளை) மறைத்துவிடும். வாடிக்கையாளரே ஒவ்வொரு முறையும் கட்டும் முறையை அனுமதித்தால் அவை திரும்ப வரும், ஆனால் எத்தனை பேர் மாதாமாதம் ஞாபகமாகக் கட்டுவார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொகை நூறு மடங்காகப் போய் நிராகரிக்கப்படுகிறதா? யென்னுக்கும் கொரிய வோனுக்கும் பைசா கணக்கு கிடையாது. மற்ற நாணயங்களைப் பைசாவாக்கி அனுப்புவதுபோல 1000 யென்னையும் நூறால் பெருக்கி அனுப்பினால் கேட்வே அதை ஒரு லட்சம் யென்னாக எடுத்துக்கொள்ளும். குவைத் தினார், பஹ்ரைன் தினார் இரண்டுக்கும் மூன்று தசம இடங்கள். அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி: ஏற்கெனவே டாலரில் சந்தா வைத்திருப்பவர் இப்போது யூரோப் பக்கத்திலிருந்து இன்னொன்று எடுத்தால், ஒரே வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு நாணயங்களைக் கலக்க விடாத அமைப்புகள் பிழை காட்டும். புது ஆளாகச் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது.

முதல் மாதம் சரியாகப் போய் இரண்டாவது மாதம் ஐரோப்பாவில் மட்டும் கார்டு நிராகரிக்கப்பட்டால், 2019 செப்டம்பர் 14 முதல் அங்கே அமலுக்கு வந்த கூடுதல் அடையாளச் சரிபார்ப்பு விதியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டணத்தின்போதே "இது தொடர்ந்து எடுக்கப்படும்" என்று குறித்து, வாடிக்கையாளரின் ஒப்புதலை கேட்வே வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது

கேஷ்தான் (cache, சர்வர் கட்டிய பக்கத்தைச் சேமித்து வைக்கும் நகல்), வேறு யார். கேஷ் காலியாக இருக்கும்போது முதலில் நுழைந்தவர் ஜப்பானிலிருந்து வந்தால் அவருக்குக் கட்டிய பக்கமே அடுத்தடுத்து வருபவர்களுக்கும் போகும், அவர்கள் எந்த நாடாக இருந்தாலும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது எண் சேர்த்துத் திறந்து பாருங்கள். அப்படிச் சரியாக வந்தால் சந்தேகமே வேண்டாம். வூகாமர்ஸில் வாடிக்கையாளரின் இருப்பிடத்தைக் கண்டறியும் இடத்தில் பக்க கேஷோடு ஒத்துப்போகும் தேர்வு தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். சிடிஎன் (பக்கத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) வைத்திருந்தால் கேஷ் சாவியில், அதாவது எந்த நகலைத் தருவது என்று தீர்மானிக்கும் குறியீட்டில், நாட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐபியை (வருபவரின் இணைய இணைப்பு எண்ணை) பார்த்துத் தானாக நாடு மாற்றும் கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. கூகுளின் ரோபோ பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் அந்தச் சந்தாவை நீங்கள் விற்கவில்லை என்றால் அது பார்ப்பது 404 மட்டுமே, மற்ற நாடுகளின் தேடலிலும் பக்கம் காணாமல் போகும். தானாகத் திருப்பாமல் "உங்கள் நாட்டுக் கடைக்குப் போகலாமா" என்று ஒரு பட்டை காட்டினால் போதும்.

சரிசெய்த பிறகு அந்த நான்கு சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை பழைய வாடிக்கையாளர் கணக்கு ஒன்றையும் சேர்த்து. உண்மையான கார்டில் சோதித்திருந்தால் ஆர்டரை மட்டும் ரத்து செய்துவிட்டு எழுந்து போகாதீர்கள், சந்தாவைத் தனியாகப் போய் ரத்து செய்ய வேண்டும். நான் அதை மறந்து மூன்று மாதம் என் கடைக்கே சந்தா கட்டியிருக்கிறேன்.