சைட்டேஷன் கணக்கில் புதிய ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரிமருத்துவ ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களின் வெளியீட்டுப் பட்டியல்களைப் பார்க்கும்போது, நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகள் மறுபடியும் கண்ணில் படுகின்றன. பணம் கட்டிப் போலி ஆய்விதழில் போடக்கூடாது, சொந்தக் கட்டுரைகளையே அடுக்கி மேற்கோள் (சைட்டேஷன்) காட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இம்பாக்ட் ஃபேக்டர் வரிசையில் இதழ் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கட்டுரை தயாரானதும் இதழ்களை இம்பாக்ட் ஃபேக்டர் என்ற சைட்டேஷன் சராசரிப்படி அடுக்கி, உச்சியில் இருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வருகிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் புரதம் ஒன்றைப் பற்றிய நல்ல ஆய்வை இப்படித்தான் அனுப்பினார். ஒவ்வொரு நிராகரிப்புக்குப் பிறகும் வடிவத்தை மாற்றுவார், புதிதாக ஒரு கடிதம் எழுதுவார், மறுபடியும் காத்திருப்பார். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் வேறொரு குழு அதே முடிவை ஒரு நடுத்தர இதழில் வெளியிட்டது. துறையில் எல்லாரும் அவர்களையே மேற்கோள் காட்டினார்கள். இவருடைய கட்டுரை கடைசியில் வந்தபோது, முன்பே தெரிந்ததை உறுதிசெய்யும் கட்டுரையாக நின்றது. செய்த வேலையில் எந்தக் குறையும் இல்லை என்பதால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

இத்தனைக்கும் அந்த எண் கட்டுரையின் தரத்தைச் சொல்வதே இல்லை. ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த சைட்டேஷன்களை, அந்த 2 ஆண்டுகளின் ஆய்வு, ரிவ்யூ கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் இம்பாக்ட் ஃபேக்டர். வெறும் சராசரி. அதை ஒரே கட்டுரை தூக்கி நிறுத்திவிட முடியும். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் 2008இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிக அமைப்பைக் கணக்கிட உதவும் தன் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை எழுதினார். படிக அமைப்பைக் கண்டறிபவர்கள் எல்லாரும் அதை மேற்கோள் காட்ட, 2 அளவில் இருந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2009இல் 49ஐத் தாண்டியது. அந்தக் கட்டுரை 2 ஆண்டு வரம்பைக் கடந்ததும் பழைய இடத்துக்கே இறங்கியது. இடையில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் திடீரென்று சிறந்துவிட்டனவா என்ன?

தனி ஆய்வாளரை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தக்கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளிவந்த டோரா பிரகடனம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் உங்கள் கட்டுரையில் நீங்களே மேற்கோள் காட்டியிருப்பவை எந்த இதழ்களில் வந்தன என்று பாருங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அனுப்பும் முன் பயோஆர்க்கைவிலோ, மருத்துவ ஆய்வு என்றால் மெட்ஆர்க்கைவிலோ முன்பதிப்பாக, அதாவது இதழில் வரும் முன்பே எல்லாரும் படிக்கும்படி, இணையத்தில் போட்டுவிடுங்கள். யார் முதலில் சொன்னது என்பதற்குத் தேதியோடு சான்று இருக்கும்.

எச்-இன்டெக்ஸை மூத்தவரோடு ஒப்பிடுவது

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு இது. எச்-இன்டெக்ஸ் 12 என்றால், குறைந்தது 12 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் 12 உள்ளன என்று பொருள். வயதாக ஆக ஏறும், சும்மா இருந்தாலும் இறங்காது. ஆய்வு தொடங்கி சில ஆண்டுகளே ஆனவர் இதைப் பார்த்துச் சோர்வதில் அர்த்தமே இல்லை. துறைக்குத் துறையும் மாறும். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஐசைட் தளம் துறை வேறுபாட்டைக் கழித்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு விகிதம் தருகிறது. அது பப்மெட் என்ற உயிரிமருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் உள்ள கட்டுரைகளுக்கு மட்டும்.

எண்ணை மட்டும் எழுதுவது

சைட்டேஷன் எண்ணிக்கை தளத்துக்குத் தளம் மாறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணும், ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் பெரும்பாலும் குறைவாக வரும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதுங்கள்.

பெயரைக் கட்டுரைக்குக் கட்டுரை மாற்றுவது

வேண்டாம், உங்கள் கட்டுரைகள் வேறு வேறு ஆட்களுடையவைபோல் சிதறிவிடும். முதல் கட்டுரைக்கு முன்பே ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மேற்கோள் காட்டுவது

ஒரு கட்டுரை பிழைக்காகவோ மோசடிக்காகவோ பின்னர் திரும்பப் பெறப்பட்டிருந்தால், பழைய கோப்பில் சேமித்த பிடிஎஃப் இதைச் சொல்லாது. அனுப்புவதற்கு முந்தைய நாள் பட்டியலை ஒருமுறை பப்மெட்டில் சரிபாருங்கள். மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும்.