பச்சை விளக்கை நம்பாதீர்கள்: ஃபயர்வால் பெட்டியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேக்குக்கு முன்னால் போய் நின்று, விளக்குகள் பச்சையாக எரிகின்றனவா என்று பார்த்து, லேப்டாப்பிலிருந்து ஒரு பிங் (பெட்டி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அடித்து, பதில் வந்ததும் 'எல்லாம் சரி' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வருவது பல இடங்களில் வழக்கம். கணினிகளை இணைக்கும் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சுக்கு வேண்டுமானால் இது போதும். அது படுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் போன் செய்துவிடுவார்கள். வருகிற, போகிற ட்ராஃபிக்கை (தரவுப் போக்குவரத்தை) சோதித்து அனுப்பும் ஃபயர்வால் அப்படியில்லை, அது இரண்டு விதமாகக் கெடும். ட்ராஃபிக்கை நிறுத்திவிட்டால் உடனே தெரிந்துவிடும். ட்ராஃபிக்கை விட்டுக்கொண்டே சோதனையை மட்டும் நிறுத்திவிட்டால்? ஒருவரும் புகார் செய்ய மாட்டார்கள். இணையம் கொஞ்சம் வேகமாகிவிட்டதே என்று சந்தோஷப்படுபவர்கள்கூட இருப்பார்கள்.

இந்த இரண்டாவது வகைக் கோளாறைத் தேடாமல் விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். நெட்வொர்க்குக்கு நடுவே வைக்கும் பல ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு) பெட்டிகளில் பைபாஸ் போர்ட்டுகள் உண்டு. பெட்டி செயலிழந்தால் உள்ளே இருக்கும் ரிலே இரண்டு போர்ட்டுகளையும் நேரடியாக இணைத்துவிடும், ட்ராஃபிக் எந்தச் சோதனையும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மென்பொருளிலும் இதே கதைதான். ஃபோர்டிகேட் என்ற ஃபயர்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி பயன்பாடு 88 சதவீதத்தைத் தொட்டால் அது 'கன்சர்வ் மோடு' என்ற சிக்கன நிலைக்குப் போகும், 82-க்குக் கீழே இறங்கினால்தான் வெளியே வரும். அந்த நிலையில், இயல்பான அமைப்பை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், பிராக்சி வழியாக (இடையில் நிறுத்திவைத்து) நடக்கும் வைரஸ் சோதனையைத் தாண்டி ட்ராஃபிக்கை விட்டுவிடும். 95 சதவீதம் ஆகும்போதுதான் புதிய செஷன்களையே (இணைப்புகளையே) மறுக்கும். அதாவது உங்களுக்குப் போன் வருவது 95-ல். பாதுகாப்பு குறையத் தொடங்கியது 88-ல்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வைரஸ் சோதனைக்கென்றே உருவாக்கப்பட்ட ஐகார் கோப்பு வெறும் 68 எழுத்துகள் கொண்டது, எந்தக் கெடுதலும் செய்யாது. அதை உள் நெட்வொர்க்கிலிருந்து இறக்கிப் பாருங்கள், ஒருமுறை எச்டிடிபி வழியாக, அப்புறம் எச்டிடிபிஎஸ் வழியாக. கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் தடுத்ததை ஃபயர்வால் தடுத்ததாக எண்ணிவிடாதீர்கள், ஃபயர்வாலின் லாகில் பதிவு வந்திருக்க வேண்டும். முதலாவது தடுக்கப்பட்டு இரண்டாவது தாராளமாக இறங்கினால், குறியாக்கம் செய்த ட்ராஃபிக்கை உங்கள் பெட்டி திறந்து பார்ப்பதே இல்லை என்று அர்த்தம். இன்றைய இணையத்தில் பெரும்பகுதி அதுதான். கூடவே வைரஸ்களை அடையாளம் காண உதவும் கையொப்பங்கள் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டன என்றும் பாருங்கள். லைசென்ஸ் முடிந்துபோன பெட்டி பழைய கையொப்பங்களை வைத்துக்கொண்டு எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து எண்களைத் தவறாகப் படிப்பது. 'சிபியு 13 சதவீதம்தான்' என்று நிம்மதியாக இருப்பார்கள். சிபியுவில் எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட பெட்டியில் ஒரே ஒரு கோர் முழுதாகத் திணறி மற்ற ஏழும் சும்மா இருந்தால் சராசரி 12.5 சதவீதம்தான் வரும். ஒரு பெரிய பேக்கப் ஓடும்போது இது சகஜம், ஏனென்றால் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) வரிசை குலையாமல் இருக்க ஒரு இணைப்பின் பாக்கெட்டுகளைப் பொதுவாக ஒரே கோருக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் கோர் வாரியாகப் பாருங்கள். நிர்வாகத்துக்கு ஒரு சிபியு, ட்ராஃபிக்குக்கு வேறு சிபியு என்று பிரித்திருக்கும் பெட்டிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. நிர்வாக போர்ட்டுக்கு அடித்த பிங்குக்குப் பதில் சொல்வது நிர்வாகப் பகுதி. ட்ராஃபிக் பகுதி மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் பிங் அழகாக வரும்.

போர்ட் பிழை எண்ணிக்கையும் அப்படித்தான். வழியில் சிதைந்து வந்த தரவைத்தான் 'சிஆர்சி பிழை' என்று எண்ணுவார்கள். 'சிஆர்சி பிழை 40,000' என்று பார்த்துப் பதறவும் வேண்டாம், '12' என்று பார்த்து விட்டுவிடவும் வேண்டாம். பெட்டி ஆன் ஆனதிலிருந்தோ, கடைசியாக யாரோ அழித்ததிலிருந்தோ சேர்ந்த மொத்தம் அது. அந்த 40,000, எப்போதோ மாற்றிவிட்ட கேபிளின் மிச்சமாக இருக்கலாம். இந்த 12, கடந்த பத்து நிமிடத்தில் வந்ததாக இருக்கலாம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை குறித்துக்கொண்டு கழித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

'எங்கள் பெட்டி இரண்டு வருடமாக ரீஸ்டார்ட்டே ஆனதில்லை' என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட்டு இரண்டு வருடம் ஆகிறது என்பதைத்தான் அவர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். 2017-ல் சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்ஏ ஃபயர்வால்களின் சில மென்பொருள் பதிப்புகளில் ஒரு பிழை வெளியே வந்தது. தொடர்ந்து ஏறத்தாழ 213 நாள் ஓடிவிட்டால் பெட்டி ட்ராஃபிக்கைக் கடத்துவதையே நிறுத்திவிடும். ஜோடியாக வைத்த இரண்டு பெட்டிகளையும் ஒரே நாளில் ஆன் செய்திருந்தால்? இரண்டும் ஒரே நாளில் போகும். அதே ஆண்டு, கடிகாரத் துடிப்பு தரும் ஒரு சிறு உதிரிபாகம் ஏறத்தாழ 18 மாதத்துக்குப் பிறகு பழுதாகலாம் என்றும் அந்த நிறுவனம் அறிவித்தது. ஏஎஸ்ஏ 5506, 5508, 5516 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. எந்த விளக்கும், எந்த வரைபடமும் இதை முன்கூட்டிக் காட்டியிருக்காது. தயாரிப்பாளரின் அறிவிப்புகளைத் தேடி, உங்கள் மாடலையும் பதிப்பையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஹெல்த் செக்கில் சேர்த்திதான்.

மின்சாரம், காற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பவர் சப்ளை இருந்தும் இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் சொருகாதீர்கள். சூடான காற்றை வெளியே தள்ளும் சாதனத்துக்கு எதிரே உங்கள் பெட்டியின் காற்று உறிஞ்சும் பக்கம் இருக்கக் கூடாது. வெப்பநிலை எண்ணைத் தனியாகப் பார்க்காமல் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

முதல் பெட்டி போனால் பொறுப்பேற்கக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை பெட்டி விஷயத்தில்தான் நானே நன்றாக அடிபட்டிருக்கிறேன். திரையில் 'ஸ்டாண்ட்பை ரெடி' என்று மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. பராமரிப்புக்காக முதல் பெட்டியை அணைத்தோம். இரண்டாவது உடனே பொறுப்பேற்றது, உள் நெட்வொர்க் முழுவதும் அப்போதே அறுந்தது. இரண்டாவது பெட்டியின் கேபிள் சொருகியிருந்த ஸ்விட்ச் போர்ட், யாரோ எப்போதோ செய்த மாற்றத்தில் வேறு விலானுக்கு (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த வேறு நெட்வொர்க்குக்கு) போயிருந்தது. லிங்க் விளக்கு என்னவோ பச்சைதான். பெட்டி கண்காணித்ததும் லிங்க்கை மட்டும்தான், அதனால் அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு, நேரம் குறித்து, ஆட்களை வைத்துக்கொண்டு, உண்மையாகவே மாற்றிப் பார்க்காத ஸ்டாண்ட்பையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மாற்றியதும் விபிஎன் எழுந்ததா, பழைய செஷன்கள் தொடர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். பல தயாரிப்புகளில் லைசென்ஸ் பெட்டிக்குப் பெட்டி தனி என்பதால் அதையும் இரண்டிலும் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இதயத்துடிப்புக்கு ('நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லும் செய்திக்கு) ஒரே ஒரு கேபிள்தான் இருக்கிறதா? அது அறுந்தால் இரண்டும் 'நான்தான் தலைவன்' என்று ஒரே ஐபி முகவரியோடு எழுந்து நிற்கும்.

சோதனையே வியாதியாகிவிடுவதும் உண்டு. வேலை நேரத்தில், உள்ளே நடப்பதை விரிவாகக் காட்டும் டீபக் கட்டளையை வடிகட்டி இல்லாமல் ஓடவிடுவது, கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் பாக்கெட் கேப்சரை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போவது போன்றவை. முதலாவது சிபியுவைத் தின்னும், இரண்டாவது டிஸ்க்கை நிரப்பும். டிஸ்க் நிரம்பினால் லாக் எழுதுவது நின்றுபோகலாம், அப்போது என்ன நடந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

கடைசியாக, பெட்டி முற்றிலும் போய்விட்டால் என்ன செய்வது என்பதைப் போன பிறகு யோசிப்பது. கான்ஃபிக் (பெட்டியின் அமைப்புகள்) பேக்கப்பை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பேக்கப் வெளியே இருந்தாலும், அதை வேறொரு பெட்டியில் ஏற்றிப் பார்த்தவர்கள் குறைவு. நெட்வொர்க் இல்லாமலே பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளையும் ஒருமுறை சொருகிப் பாருங்கள், பல பெட்டிகளில் வேகம் விநாடிக்கு 9600 பிட். இல்லையென்றால் அந்த நாளில்தான் லேப்டாப்பில் சீரியல் போர்ட்டே இல்லை என்பது தெரியவரும். யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கும், அதற்கு டிரைவர் இருக்காது. டிரைவரை இறக்கலாம் என்றால், இணையம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும்.