கையுறை போட்டிருக்கிறேனே, அப்புறம் ஏன் கை கழுவ வேண்டும்?

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் "நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டேதான் இருக்கிறேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கோட்டை விடுவது எண்ணிக்கையில் இல்லை, எந்த நேரத்தில் கழுவுகிறோம் என்பதில்.

முதலில் கையுறை. ஒரு பாட்டிக்கு டயப்பர் மாற்றுகிறோம். துடைத்துவிட்டு, புதியதைக் கட்டி, அதே கையுறையோடு போர்வையை இழுத்துவிடுகிறோம். கட்டில் கம்பியை ஏற்றுகிறோம். தண்ணீர் கேட்டால் டம்ளரை எடுத்து நீட்டுகிறோம். அன்பாகத்தான் செய்கிறோம், ஆனால் மலத்தில் இருந்த கிருமி இப்போது டம்ளரின் விளிம்புக்கு வந்துவிட்டது. அழுக்கான கையுறையும் அழுக்குக் கைதான். டயப்பர் வேலை முடிந்த அந்த நிமிடமே அதைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும், ஏனென்றால் கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். கழற்றும்போது மணிக்கட்டிலும் விரலிலும் அழுக்கு படும். கையுறை மேலேயே சானிடைசர் தடவிக்கொண்டு அடுத்தவரிடம் போவதும் வேண்டாம்.

"ஒரே ஆள்தானே, நடுவில் எதற்குக் கழுவணும்?" என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. சிறுநீர்க் குழாயில் மாட்டியிருக்கும் பையைக் காலி செய்த கையோடு அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டால், அவர் உடம்புக் கிருமியே அவருக்குத் தொற்றாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டுதலில் 5 தருணங்களைச் சொல்கிறது: ஒருவரைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய சிகிச்சை வேலைக்கு முன், உடல் திரவமோ கழிவோ பட நேர்ந்த பின், அவரைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கடைசியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். தலையணையைச் சரிசெய்ததும் கணக்கில் சேரும்.

சானிடைசரை ஒரு சொட்டு எடுத்து, ஈரத்தை உடையில் துடைத்துக்கொண்டு ஓடினால் பலனில்லை. கை முழுதும் பரவி, தானாகக் காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். இல்லத்தில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றாலும் சோப்புதான்: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமியின் ஸ்போர்கள் (கெட்டியான உறையோடு இருக்கும் வித்துகள்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகாது, வாந்திபேதி தரும் நோரோவைரஸும் எளிதில் அடங்காது. தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசித்தான் போக்க முடியும். நனைப்பது முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி ஆகும். அவசரத்தில் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான்.

அப்புறம், ஈரக் கையோடு போகாதீர்கள். ஈரத்தில் கிருமி எளிதாக ஒட்டிப் பரவும். கொதிக்கும் சூட்டில் கழுவினால் கூடுதல் சுத்தம் வராது, தோல் வெடிப்பதுதான் மிச்சம். வெடித்த தோலில் எரிச்சல் வந்தால் கழுவவே மனம் வராது. அதனால் லோஷன் தடவுவதும் வேலையில் ஒரு பகுதிதான். மோதிரமும் நீண்ட நகமும் வேலை நேரத்தில் வேண்டாம்.

நம் கையை மட்டும் பார்த்துவிட்டு இல்லத்து முதியவர்கள் கையை மறந்துவிடுவதும் நடக்கிறது. மறதி நோய் உள்ளவரிடம் "கை கழுவுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பெரும்பாலும் நடக்காது. சாப்பாட்டுக்கு முன் குழாயடியில் கூடவே நின்று, அவர் கையை நம் கையில் வாங்கி, விரல் விரலாகத் தேய்த்து அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள்.